பழைய ஜீப்பும் அஞ்சாவது கியரும்

பழைய மகிந்திரா சிஜே 3பி ஜீப் வாங்குகிற பார்ட்டிகள் முதலில் கை வைப்பது கியர்பாக்ஸில்தான். மூணு கியர் பெட்டியைக் கழற்றி எறி, அஞ்சு கியர் போடு! போட்டதும் "ஹைவேயில சும்மா பறக்குது"ன்னு பெருமை வேற.

பறக்கட்டும் சாமி. நிற்குமா?

கணக்கைப் பாருங்கள். அந்த ஜீப்பின் ஆக்சில் ரேஷியோ 5.38. மூணாவது கியரில் 80 கி.மீ. வேகம் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,100 சுற்றுக்கு மேல் சுற்றிக் கதறும். அந்தக் கதறல் தாங்காமல் ஓட்டுபவரே வேகத்தைக் குறைத்துவிடுவார். அஞ்சாவது கியர் 0.8 என்றால் அதே வேகத்துக்குச் சுமார் 2,500 போதும். சத்தம் போச்சு, கூடவே பயமும் போச்சு. ஆனால் நாலு சக்கரத்திலும் அதே பழைய டிரம் பிரேக்!

அதற்காகக் கியர்பாக்ஸ் மாற்றுவதே பாவம் என்றில்லை. பழைய பெட்டியில் முதல் கியர் 2.798. லோ கியரின் 2.46ஐயும் சேர்த்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 37 சுற்று. முதல் கியர் 4 உள்ள பெட்டி வந்தால் அது கிட்டத்தட்ட 53. செங்குத்து மேட்டில் கிளட்ச் கருகாமல் ஊர்ந்து ஏறலாம். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காடு மேடு ஏறுகிற வண்டிக்கு வேண்டியது அதுதானே?

ஆக, மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது "எத்தனை கியர்?" இல்லை, "முதல் கியர் எவ்வளவு?" பறந்துதான் ஆகவேண்டும் என்றால் முதல் செலவு பிரேக்குக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் ஒரே உயிர்தான்.