நடந்து போகும் தூரத்தில் ஒரு டிபன் கடை

திருச்சியில் காலை டிபனுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், பாதிப் பேர் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸைச் சொல்வார்கள். 1943ல் தொடங்கிய கடை. அதன் நெய் ரோஸ்ட்டுக்காகவே வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் உண்டு. சென்னையில் கேட்டால் மயிலாப்பூர் ராயர் மெஸ், திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. கும்பகோணம் என்றால் கும்பேஸ்வரர் கோயில் பக்கத்து மங்களாம்பிகா விலாஸ். எல்லாம் பேர் வாங்கிய, பேருக்குத் தகுந்த கடைகள். ஆனால் நான் குடியிருப்பது உறையூரில். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பசி எடுக்கும்போது காவிரிப் பாலம் தாண்டிப் போய்வர முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாப்பிட்டு, காபி குடித்து, அரை மணி நேரத்தில் வீடு திரும்புகிற மாதிரி ஒரு கடை வேண்டும்.

இந்த இரண்டு வகைக் கடைகளுக்கும் நாம் வைக்கும் பரீட்சை வேறு வேறு. பேர் பெற்ற கடைக்கு என்றாவது ஒரு நாள் போகிறோம். ஒரு நெய் ரோஸ்ட் அபாரமாக இருந்தால் போதும், மனம் நிறைந்துவிடும். தினமும் போகிற கடை அப்படித் தப்ப முடியாது. செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட அதே ருசி வெள்ளிக்கிழமையும் இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு வயிறு மந்தமாகக் கூடாது, நெஞ்சு கரிக்கக் கூடாது. மாதக் கடைசியிலும் கையைக் கடிக்காத விலையாக இருக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள், வயதானவர்கள், இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்காரர்கள், விடுதிப் பிள்ளைகள் என்று எத்தனையோ பேரின் அன்றாடம் இப்படிப்பட்ட கடையை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதைக் குடிபோகும் வீட்டைத் தேடுவதற்குச் சமமான காரியமாகவே நான் நினைக்கிறேன்.

செல்போனில் நட்சத்திரங்களைப் பார்த்துத் தேடினால் இந்தக் கடை கிடைக்காது. நட்சத்திரம் போடுகிறவர்களில் பலர் ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள். இங்கே வந்த புதிதில் அப்படி ஒரு கடைக்குப் போனேன். ஏ.சி. ஹால், நாலு பக்க மெனு கார்டு. பொங்கல் ஹாட் பாக்ஸிலிருந்து வந்தது. மேலே மட்டும் புதிதாக நெய் ஊற்றியிருந்தார்கள், உள்ளே கட்டி தட்டியிருந்தது. இட்லியை விண்டால் உதிராமல் ரப்பராக இழுத்தது. கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

கேட்க வேண்டியது தினமும் வெளியே சாப்பிடுகிறவர்களை. ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரி வண்டி, பால் பூத், மின்வாரிய லைன்மேன்கள். நான் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன்.

“டிபனா சார்? பெரிய கடையா, நாங்க சாப்பிடுற கடையா?”

“நீங்க சாப்பிடுற கடைதாண்ணே.”

“அப்படின்னா மெடிக்கல் பக்கத்துச் சந்துல போங்க. ஒம்போது மணிக்குள்ள போயிருங்க, அப்புறம் வடை இருக்காது.”

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. தீர்ந்துபோகிற கடைதான் நல்ல கடை. இவ்வளவு பேர் வருவார்கள் என்று கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள், மிச்சத்தை மத்தியானத்துக்கு ஓட்டுவதில்லை என்று அதற்கு அர்த்தம். போய்ப் பார்த்தேன். ஓட்டு வீட்டின் முன்கட்டு, நாலு மேசை. கணவர் தோசைக்கல்லில், மனைவி இட்லிக் கொப்பரையில், பரிமாற அந்த அக்காவின் தம்பி. மெனு கார்டு கிடையாது. தம்பி வந்து ஒரே மூச்சில் சொல்வார்: “இட்லி, வடை, பொங்கல், பூரி, தோசை.” அவ்வளவுதான். ஐந்து பதார்த்தத்தை ஒழுங்காகச் செய்கிற கடை போதும். ஐம்பது பதார்த்தம் போடுகிற கடையில் ஏதோ ஒன்று நேற்றையதாக இருந்தே தீரும்.

அங்கே இட்லி எடுப்பதைப் பார்க்க வசதியாக ஒரு மேசை இருக்கிறது. ஈடு வெந்ததும் அக்கா கொப்பரையின் மூடியைத் தனக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறப்பார், ஆவி முகத்தில் அடிக்காமல் சுவர்ப் பக்கம் போகும். தட்டை எடுத்துக் கீழே வைத்துக் கொஞ்சம் ஆற விடுவார். பிறகு துணியோடு தாம்பாளத்தில் கவிழ்த்து, துணியின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓர் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரிப்பார். இட்லியின் மேல் துணியின் இழை வரிவரியாகப் பதிந்திருக்கும். அந்த ஈடு தீர்ந்த பிறகுதான் அடுத்த ஈடு இலைக்கு வரும். இடையில் யாராவது அவசரப்பட்டால், “ரெண்டு நிமிஷம் இருங்க, வெந்துக்கிட்டிருக்கு” என்பார். வேகாததை எடுத்து நான் பார்த்ததில்லை.

இட்லியின் தரம் முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுவான கணக்கு. அரைத்த மாவு எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை புளிக்கும். புளிக்க வைப்பவை உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருகிற லியூக்கோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள். அவை விடுகிற காற்றில்தான் மாவு பொங்குகிறது. மார்கழிக் குளிரில் அவை மந்தமாகும், சித்திரை வெயிலில் துள்ளும். அதனால் அக்கா பனிக்காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே அரைக்க உட்காருகிறார். கோடையில் பொழுது சாய்ந்த பிறகுதான் கிரைண்டர் சத்தம் கேட்கும். இந்தக் கணக்குப் பார்க்கப் பொறுமை இல்லாத கடைகள் சமையல் சோடாவை அள்ளிப் போடும். அந்த இட்லி சூட்டில் பஞ்சாகத் தெரியும். லேசாக மஞ்சள் ஓடும், நாக்கில் சவுக்காரச் சுவை தங்கும்.

கிரைண்டரைச் சொல்லாமல் போகக் கூடாது. 1955ல் கோயம்புத்தூரில் பி.சபாபதி உருவாக்கிய இயந்திரம் அது. அதற்கு முன் ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டித்தான் ஹோட்டல்கள் நடந்தன, மாவாட்டவே தனியாக ஆள் வேண்டும். இன்றைக்கு ஒரு குடும்பத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கடையை நடத்த முடிகிறதென்றால் அதில் கிரைண்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்துப் பார்க்க வேண்டியது சட்னி. தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் பொட்டுக்கடலை கூடித் தேங்காய் குறையும், தண்ணீரும் கூடும். ஓரளவு எல்லாக் கடையிலும் அப்படித்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்னி எப்போது அரைத்தது என்பது முக்கியம். அதிகாலையில் மொத்தமாக அரைத்து வைத்தால் எட்டரை மணிக்குப் புளிப்பு தட்டும். எங்கள் சந்துக் கடையில் பாத்திரம் காலியாகக் காலியாக அரைக்கிறார்கள். ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னிக்கும், இட்லி முழுகும் அளவுக்கு ஊற்றுகிற ரத்னா கஃபே சாம்பாருக்கும் இத்தனை வருஷமாக ஆள் போவதற்குக் காரணம், தொட்டுக்கொள்ளக் கொடுப்பதை அவர்கள் இலவச இணைப்பாக நினைக்காததுதான். ரத்னா கஃபே 1948ல் தொடங்கியது. இன்றைக்குப் பேர் பெற்றிருக்கும் இந்தக் கடைகளுக்கும் பக்கத்துத் தெருக்காரர்கள்தான் முதலில் வாடிக்கையாளர்களாக இருந்திருப்பார்கள்.

வடைக்கு எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சும்போது அதில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. 2018 ஜூலை முதல் அமலில் உள்ள விதி. அளக்கக் கருவி நம் கையில் இருக்காது, கண்ணும் மூக்கும் இருக்கின்றன. கறுத்து, நுரை கட்டி, சீக்கிரம் புகைகிற எண்ணெய் பழைய எண்ணெய். அந்தக் கடையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரில் ஆணையத்தின் 14 இலக்க எண் கொண்ட சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ருசிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, யார் யார் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதை. எங்கள் கடையில் நாலே மேசை என்பதால் எதிரில் யார் உட்கார வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. தெருக் கூட்டி முடித்துவிட்டு வருகிற தூய்மைப் பணியாளர் பெண்கள், பேங்க் ஊழியர், உழவர் சந்தையில் கடை போடுகிறவர், கல்லூரிப் பையன்கள் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். சாம்பார் வாளி எல்லா இலைக்கும் ஒரே மாதிரி வருகிறது. இது தானாக வந்த பழக்கம் இல்லை. ஹோட்டல் போர்டில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 1957ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் மறியல் நடத்தினார். தொண்டர்கள் நாள் தவறாமல் போய்க் கைதானார்கள், மறு ஆண்டு அந்தச் சொல் போர்டிலிருந்து இறங்கியது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த மாநிலம் இது. ஆகவே, சிலருக்கு மட்டும் ‘பார்சல் வாங்கிக்கோ’ என்று வாசலிலேயே வைத்துக் கொடுத்து அனுப்புகிற கடை எவ்வளவு ருசியாகப் போட்டாலும் அது எனக்கு நல்ல கடை இல்லை. 2013ல் சென்னையில் சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியை இந்த அளவுகோலில் உயரமான இடத்தில் வைப்பேன்.

இப்படிப்பட்ட கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் என் கவலை. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டிபன் கடை மூடிவிட்டது, இப்போது அங்கே செல்போன் உதிரிபாகங்கள் விற்கிறார்கள். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. வாடகை கூடுகிறது. கை தேர்ந்த தோசை மாஸ்டர்கள் கூடுதல் சம்பளத்துக்குப் பெரிய ஊருக்குப் போய்விடுகிறார்கள். டெலிவரி ஆப்பில் சேர்ந்தால் ஒவ்வொரு பில்லிலும் கணிசமான பங்கு கமிஷனாகப் போகிறது. நாலு ரூபாய் லாபம் பார்க்கிற இட்லியில் எதைக் கழித்துக் கொடுப்பது? சேராவிட்டால் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கடை இருப்பதே தெரிவதில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவர்கள் பத்து மணிவரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரேயான இந்தச் சமையல்கட்டில் அவர்கள் உட்காருவது கூட்டம் ஓய்ந்த பிறகுதான்.

நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முடிந்தவரை நேரில் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்சல் வேண்டுமென்றால் வீட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போங்கள். சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவதற்கு 2019 ஜனவரியிலிருந்தே இங்கே தடை இருக்கிறது, கொதிக்கிற சாம்பார் அதில் இறங்குவது உடம்புக்கும் நல்லதில்லை. ஐந்து ரூபாய் விலை ஏற்றினால் முகம் சுளிக்காதீர்கள். சட்னி புளித்திருந்தால் செல்போனில் ஒற்றை நட்சத்திரம் போடாமல், “அக்கா, இன்னிக்குச் சட்னி கொஞ்சம் புளிப்பா இருக்கு” என்று நேரில் சொல்லுங்கள். உடனே மாற்றித் தருவார்கள், மறுநாள் கவனமாக இருப்பார்கள். மழை நாளில் கூட்டம் வராது, மாவோ முதல் நாளே அரைத்தாயிற்று. அன்றைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு அவசியம் போங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒரு கடை எங்கோ ஒரு சந்தில் இருக்கக்கூடும். நாளைக் காலையில் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரியுங்கள். போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால், கிளம்புவதற்கு முன் சமைத்தவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.