ஐவர் ஆடும் ஆட்டம்



'சிற்றூரிலே பிறந்த நம்மால் பெருங்காரியம் ஆகுமோ?' என்று மயங்கும் மாணவர் பலர். அவர்கள் பொருட்டே இவ்வாரம் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், குளிரினால் வெளியே சென்று ஆட இயலாத மாணவருக்கென இவ்வாட்டத்தை வகுத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலே, இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து அவர் ஆட்டத்தைத் தொடங்கினார். அன்று பக்கத்துக்கு ஒன்பதின்மர் ஆடினர். இன்று ஐவரே ஆடுகின்றனர். 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள நிலம் போதும். பரந்த வெளியும் பெருந்தொகை மக்களும் இல்லாத தீவுகளுக்கு இதனினும் பொருந்திய ஆட்டம் வேறு யாது? 1979ஆம் ஆண்டு ரெயூனியன் தீவில் தொடங்கிய இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழாவிலே இதுவும் இடம்பெற்று வருகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் சீஷெல்ஸ் நாடு 1993இலும் 2011இலும் அவ்விழாவைத் தன் மண்ணில் நடத்திக் காட்டியது.

மட்டக்களப்பின் புளியந்தீவும் வாவி சூழ்ந்த சிறு தீவே அன்றோ? அங்குள்ள புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்து, 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், அக்கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தைப் பயிற்றினார். வாவிக்கரைச் சிறுவர் தீவெங்கும் பேர் பெற்றனர். அவர்தம் சபையினரான வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், போர்க் கொடுமையின் நடுவே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓர் இளைஞருடன் புறப்பட்ட ஹேபியர் அடிகளார் வந்து சேரவில்லை. அவ்விருவருக்கும் நேர்ந்தது யாதென இன்றளவும் வெளிப்படவில்லை. நம்மவர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாய்க் கொண்டவருக்கு ஒரு கல்லறைதானும் இல்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.

பந்தைக் கையில் ஏந்தியபடியே ஓடலாகாது என்பது நெய்ஸ்மித் வகுத்த முதல் விதிகளுள் ஒன்று. தன்னிடம் உள்ளதைத் தோழனுக்குக் கொடுத்தே முன்னேற வேண்டும். அடிகளார் தம் வாழ்நாளையே நமக்குக் கொடுத்துவிட்டார். பந்து இப்போது நம் கையில் இருக்கிறது.

பெற்றோர்களே! மாலையில் ஒரு மணி நேரமாவது உங்கள் புதல்வரையும் புதல்வியரையும் ஆடுகளத்துக்கு அனுப்புங்கள். அவருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் அதுவே.