கண்ணும் வேண்டும், ககனும் வேண்டும்

தரையிறங்கும் விமானத்தின் பாதை கிடைமட்டத்தோடு ஏறத்தாழ 3 பாகைக் கோணத்தில் அமைய வேண்டும். 3 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பு 0.0524. எனவே, ஓடுபாதைக்கு 6 கிலோமீட்டர் தொலைவில் வரும் விமானம் சுமார் 314 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வினாடிக்கு 60 மீட்டர் முன்னேறினால் சுமார் 3 மீட்டர் இறங்க வேண்டும். இந்தச் சாய்வுக் கோட்டை விமானி கண்ணால் அறிவதா, கருவியால் அறிவதா? எதில் அவருக்கு மிகுந்த பயிற்சி தேவை?

நம் நாட்டின் 'ககன்' அமைப்பை முதலில் பார்ப்போம். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து இதை உருவாக்கின. செயற்கைக்கோள் அலை நம்மை அடையும் நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி தவறினால் தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். அயனி மண்டலம் அத்தகைய தாமதத்தை உண்டாக்குகிறது. காந்த நிலநடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் நம் பகுதியில் இத்தொல்லை அதிகம். தரை நிலையங்கள் இப்பிழையைக் கணக்கிட, புவிநிலைச் செயற்கைக்கோள்கள் திருத்தத்தை விமானத்துக்கு அனுப்புகின்றன. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று இம்முறையில் இறங்கிக் காட்டியது. ஓடுபாதையருகே விலையுயர்ந்த வழிகாட்டும் கருவிகளை நிறுவ வேண்டியதில்லை. சேலம் காமலாபுரம் போன்ற சிறிய நிலையங்களுக்கு இது பெரும் வரம்.

"அப்படியானால் கண்ணால் பார்த்து இறங்கும் பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரு விபத்துகள் இதற்கு விடை கூறும். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில், ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்கிய இந்தியன் ஏர்லைன்ஸின் புதிய ஏ-320 விமானம் ஓடுபாதையை எட்டும் முன்பே விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் இயங்கும் தானியங்கி நிலையில் விமானம் இருந்ததையும், வேகம் குறைந்து வந்ததையும் விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வானம் தெளிவாகவே இருந்தது. ஆனால் சாய்வுப் பாதையைக் காட்டும் தரைக்கருவி அன்று இயங்கவில்லை. தாழ்ந்து, வேகமிழந்து வந்த ஆசியானா விமானம் கடலோரச் சுவரில் மோதியது, மூவர் இறந்தனர்.

கண் மட்டும் போதும் என்பதும் தவறே. மேட்டை நோக்கி ஏறும் ஓடுபாதை, விமானம் உயரமாக வருவதுபோல் மயக்கும்; விமானியோ தேவைக்கு மேல் தாழ்ந்துவிடுவார். இருளில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரியும்போதும் இதே ஆபத்து உண்டு. கருவிக்கும் மயக்கம் நேரும். டில்லியை நெருங்கிய சில விமானங்களுக்குப் பொய்யான செயற்கைக்கோள் சைகைகள் கிடைத்ததாக 2025 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

எனவே, ஒன்றின் பிழையை மற்றொன்றால் கண்டுபிடிக்கும் திறனே பயிற்சியின் நோக்கமாக வேண்டும் என்பது என் கருத்து. சிமுலேட்டரில் ககன் வழிகாட்டுதலைத் திடீரென நிறுத்தியும், சிறிது பிறழச் செய்தும் விமானியைச் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கையால் ஓட்டி இறங்குவதையும் தவறாமல் பழக்க வேண்டும். இதற்கு நேரமும் பணமும் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், செயற்கைக்கோள் வழியில் வந்தாலும், குறித்த உயரத்தை அடைந்ததும் ஓடுபாதை விமானியின் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிடில் மீண்டும் மேலெழ வேண்டும் என்பதே விதி. கடைசி முடிவு மனிதனுடையதாக இருக்கையில் அவனுடைய பயிற்சியில் சிக்கனம் பார்க்கலாமா?

மாணவர்களே, கால்குலேட்டரைத் தொடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனத்தில் மதிப்பிட்டுப் பாருங்கள். கருவி தவறும் நாளில் அதைக் கண்டுகொள்ள அப்பழக்கம் உதவும்.