தேய்ந்த புஷ்ஷை மறைத்து விற்பதா?

போன மாதம் எனது பழைய கொரோல்லாவைப் பார்க்க கிண்ணியாவிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. 1998 இல் உற்பத்தியான கார். முதல் நாள் இரவு கடைக்கு வந்த நண்பர் ஒரு யோசனை சொன்னார்: "ஓட்டிப் பார்க்கக் கேட்டா நிலாவெளி றோட்டால கூட்டிட்டுப் போ மச்சான். உள் ஒழுங்கைப் பக்கம் திருப்பிடாத."

தார் வீதியில் எனது கார் சத்தமில்லாமல் ஓடும். உப்புவெளியின் கிரவல் ஒழுங்கையில் இறங்கினால்தான் முன் இடது பக்கத்தில் 'டொக், டொக்' என்று தட்டும். லோவர் ஆர்ம் புஷ் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். நண்பரின் யோசனை எனக்குக் கோபத்தை ஏற்படுத்தவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் அதையேதான் நினைத்து வைத்திருந்தேன்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரமாக இருந்ததும், மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அரிசிக் கடைக்காரருக்குச் சொன்ன விடயம் போலவே கேட்டுப் பழகிவிட்டோம். காரின் அடியில் கிடக்கும் புஷ்ஷும் குவியலுக்குள் இருக்கும் ஈரம்தான்.

வந்தவரை ஒழுங்கையிலேயே ஓட்டிக் காட்டினேன். சத்தத்தைக் கேட்டார், விலையைக் குறைத்தார், நான் சம்மதிக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வாகனத்தை வைத்துத் தொழில் செய்யும் பலர் இந்தப் புஷ்ஷைச் சின்னச் சாமான் என்றே கருதுகிறார்கள். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய இறப்பர். அவ்வளவுதான். சில்லு மேலும் கீழும் ஆடும்போது அந்த இறப்பர் முறுகி முறுகித் திரும்புகின்றது. அது கிழிந்தால் சில்லு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங் அலையும், டயர் ஓரமாகத் தேயும். எனது முன் டயர் இரண்டும் உட்பக்கம் கம்பி தெரியும்வரை தேய்ந்தபோது டயர்க் கடைக்காரரைத்தான் குறை சொன்னேன். புஷ் சோடியின் விலையோ அந்த டயர்களின் விலையில் ஒரு சிறு பங்கு.

சத்தம் வந்தால் எண்ணெய் அடித்துச் சமாளிக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கின்றது. இரண்டு நாள் சத்தம் அடங்கும். ஆனால் எண்ணெய் பட்ட இறப்பர் ஊதி மென்மையாகி இன்னும் விரைவாகக் கிழியும். இந்தப் புஷ்ஷுக்குள் வழுக்கி ஓட வேண்டிய பாகம் எதுவும் இல்லை. எனவே எண்ணெய்க்கு அங்கே வேலையும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே புஷ்ஷை மாற்றியிருந்தேன். ஜப்பான் என்று பெட்டியில் அச்சிட்ட சாமான், ஜப்பான் விலை. நான்கு மாதத்தில் இறப்பர் இரும்பை விட்டுக் கழன்றுவிட்டது. விற்ற கடையைத் திட்டித் தீர்த்தேன். இம்முறை வேலை செய்த பாஸ் கழற்றிய புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமானும் சரியில்ல ஹாஜியார். பூட்டினதும் சரியில்ல."

காரை ஜெக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் கார் தரையில் இறங்கிய நிமிடமே இறப்பர் முறுகி நிற்கும். ஓடாமல் நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காரின் பாரம் முழுவதும் சில்லில் இறங்கிய பின்புதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பாஸ் அப்படித்தான் செய்தார். புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் பிரஸ்ஸில் ஏற்றினார். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினார். அதன் பின்பு வீல் அலைன்மன்ட். அதைச் செய்யாவிட்டால் புது டயருக்கும் பழைய கதிதான்.

நமது ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடற்காற்றில் போல்ட் துருவேறி உள்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். எனது காரில் ஒன்றை வெட்டித்தான் எடுத்தார்கள். வேலைக்குக் கொடுக்கும் முன்பே போல்ட்டையும் வாங்கி வைத்திருந்தால் கார் ஒரு நாள் முழுவதும் கராஜில் கிடந்திருக்காது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறந்தாலும் வரியோடு சேர்ந்த விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டும் விலையல்ல. ஆகவே பழைய வண்டிதான் இன்னும் பல காலத்துக்கு நமது முதல். அந்த முதல் ஓட வேண்டுமென்றால் உதிரிப்பாக வியாபாரம் நேர்மையாக நடக்க வேண்டும்.

உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கம்பனிச் சாமான், வேறு உற்பத்தியாளரின் தரமான சாமான், மலிவுச் சாமான் என்று மூன்றையும் வையுங்கள், மூன்றுக்கும் வேறு வேறு விலை சொல்லுங்கள். எதை விற்றீர்களோ அதையே பில்லில் எழுதுங்கள். மலிவுச் சாமான் விற்பது பாவமல்ல. அதைக் கம்பனிச் சாமான் என்று சொல்வதுதான் பிரச்சினை. பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பாவித்த ஆர்ம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இரும்பு நன்றாக இருந்தாலும் அதிலுள்ள இறப்பருக்கு வயது போயிருக்கும். 1876 இல் ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்று நட்ட நாட்டில் ஒரு நல்ல இறப்பர்த் துண்டுக்கு இத்தனை அலைச்சல் என்பது வேறு கதை.

வாங்கும் நம்மீதும் தவறு இருக்கின்றது. "இதவிடக் குறைஞ்சது இல்லையா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். மூன்று முறை அப்படிக் கேட்டவனுக்குக் கடைக்காரர் நான்காம் முறை நல்ல சாமானை எடுத்துக் காட்டுவதே இல்லை.

கார் இப்போது ஒழுங்கையிலும் சத்தமில்லாமல் போகின்றது. கிண்ணியாக்காரர் சென்ற வெள்ளிக்கிழமை தொலைபேசியில் பேசினார். "புஷ் மாத்தின பில் இருக்கா நானா?" என்று கேட்டார். இருக்கின்றது. விலையைத்தான் இனிப் பேச வேண்டும்.