கண் அளவு உதவாது

"உப்பு எவ்வளவு?" என்று கேட்டால், "கண் அளவுதான்" என்போம். அது நம் கைப்பக்குவத்தின் பெருமை. ஆனால் கண் அளவை நம்பவே கூடாத 'சமையல்' ஒன்று உண்டு, கேளுங்கள்.

அமெரிக்காவில் ஈரி ஏரிக் கரையில் இருக்கும் காம்ப் பெரியில், 1907-ல் தேசிய ரைபிள் பந்தயங்கள் தொடங்கின. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் இலக்கு. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 20 அங்குலம்தான்! இத்தகைய பந்தயங்களுக்குப் பலர் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் மூன்று அரிசி எடை. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள்!

மருந்தை அதிகம் போட்டால் குறி தப்பாது என்று நினைக்கிறீர்களா? துப்பாக்கியே வெடித்து, சுட்டவரின் கண் போய்விடலாம். வேண்டியது அதிக வேகமல்ல, ஒரே சீரான வேகம். ஒரு குண்டு சற்று மெதுவாகப் போனாலும், அத்தனை தூரத்தில் சில அங்குலம் தாழ்ந்துவிடும். ஆகவே, கையேடு சொல்லும் வரம்புக்குள் சிறிது சிறிதாக மாற்றி, ஐந்தைந்தாகச் சுட்டு, நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு துப்பாக்கிக்கு ஒத்துப்போன அளவு இன்னொன்றுக்கு ஒத்துவராதாம்!

1998-ல் அமெரிக்காவின் தேசிய ஹை பவர் ரைபிள் சாம்பியன் பட்டம் வென்றவர் நான்சி டாம்ப்கின்ஸ். அதை வென்ற முதல் பெண்மணி அவர்தான். நிதானத்துக்கு ஆண் என்ன, பெண் என்ன?