இறங்கின விலை யாருக்கு?

விமான டிக்கெட் விலை ஏறினால் பயணிக்கு நஷ்டம். இறங்கினால்?

அப்போதும் பயணிக்கு நஷ்டம்தான்!

இது என்ன வேடிக்கை என்று கேட்கலாம். வேடிக்கை இல்லை. கணக்கு.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. சென்னையில் ஒரு கடைக்காரர் குடும்பத்தோடு டெல்லி, ஆக்ரா பார்த்து வரலாம் என்று கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். "ஒரு தடவையாவது பிளேனில் போவோம்ப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கின்றன. சரி என்று மார்ச் மாதமே டிக்கெட் வாங்குகிறார். போவதற்கு மட்டும் ஆளுக்கு 9,000 ரூபாய். நாலு பேருக்கு 36,000.

ஏப்ரலில் பக்கத்துக் கடைக்காரர் அதே தேதிக்கு, அதே விமானத்துக்கு டிக்கெட் வாங்குகிறார். விலை 6,500 ரூபாய்!

நம்மவர் என்ன செய்வார்? பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று பார்ப்பார். ஆளுக்கு 2,500 மிச்சம். நாலு பேருக்கு 10,000. ஆசை வரத்தானே செய்யும்! ஆனால் ரத்துக் கட்டணம் ஆளுக்கு 3,500 என்றால், நாலு பேருக்கு 14,000 போச்சு. பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் நாலாயிரம் கைவிட்டுப் போகும். புக் செய்யும்போது 'வசதிக் கட்டணம்' என்று பிடித்தார்களே, அதுவும் பொதுவாகத் திரும்பி வராது.

ஆகவே அவர் வாயை மூடிக்கொண்டு 9,000 ரூபாய் சீட்டில் உட்கார்ந்து போகிறார். பக்கத்து சீட்டில் 6,500 ரூபாய்க்காரர் உட்கார்ந்து வருகிறார். இருவருக்கும் அதே பிளேன், அதே தண்ணீர் பாட்டில்.

முன்யோசனையோடு வாங்கினவருக்குத் தண்டனை. இது நியாயமா?

விலை ஏன் ஆடுகிறது?

பஸ்சில் ஒரு சீட்டுக்கு ஒரு விலை. விமானத்தில் அப்படி இல்லை. ஒரு விமானத்தில் 180 சீட் இருந்தால், அதைப் பல படிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். முதல் படியில் கொஞ்சம் சீட், மலிவு விலை. அது தீர்ந்தால் அடுத்த படி, கொஞ்சம் கூட. இப்படியே மேலே போகும். கடைசி நேரத்தில் அவசரமாக ஓடி வருகிறவருக்கு உச்சிப் படி.

எதிர்பார்த்தபடி கூட்டம் வரவில்லை என்றால், கம்ப்யூட்டர் மூடின கீழ்ப் படியை மறுபடி திறந்துவிடும். போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்தாலும் திறக்கும். வாங்கின பிறகு விலை இறங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. 1978-ல் அமெரிக்காவில் விமானக் கட்டணத்துக்கு இருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. 'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற மலிவுக் கம்பெனி பெரிய கம்பெனிகளைக் கதிகலங்க அடித்தது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு தந்திரம் செய்தது. முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும், அதுவும் எண்ணி ஒதுக்கின சீட்டுகளில் மட்டும், அதிரடி மலிவு விலை. மிச்ச சீட்டுகளை முழு விலைக்கு வைத்துக்கொண்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் தாக்குப் பிடிக்க முடியாமல் 1986-ல் விலைக்குப் போனது. அன்று முதல் உலகம் முழுக்க இதே கணக்கு.

நம் நாட்டில் 1994-ல் தனியார் விமானங்களுக்குக் கதவு முழுசாகத் திறந்தது. 2003-ல் ஏர் டெக்கான் வந்தது. பிறகு ஒரு ரூபாய் டிக்கெட் என்று கூட விற்றார்கள். சாமானியனும் பறந்தான். இன்று அந்த ஏர் டெக்கான் இல்லை. கிங்பிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல் நின்றது. கோ பர்ஸ்ட் 2023-ல் நின்றது. 2025-ல் உள்நாட்டில் பறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இரண்டே குழுமங்களின் விமானங்களில் பறந்தார்கள்: இண்டிகோ, ஏர் இந்தியா.

கடைத்தெருவில் இரண்டே மளிகைக் கடை இருந்தால் பருப்பு விலை எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு பேர் என்று தட்டினால்...

குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். தேடும்போதே 'நாலு பேர்' என்று தட்டிவிடுகிறார்கள். கீழ்ப் படியில் மூன்று சீட்தான் மிச்சம் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் மூன்று பேருக்கு மலிவு, ஒருவருக்கு அதிகம் என்று பொதுவாகப் பிரித்துக் கொடுக்காது. நாலு பேரையும் மேல் படிக்கு ஏற்றிவிடும்!

ஆகவே முதலில் ஒருவர் என்று போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு பேர். அங்கே விலை குறைவாக இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்கலாம். ஆனால் அப்பா அம்மா ஒரு டிக்கெட், பிள்ளைகள் தனி டிக்கெட் என்று பிரிக்கக் கூடாது. அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை. காரணம் உண்டு. 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆர். நம்பரில் வரும் தாய் அல்லது தகப்பன் பக்கத்தில் சீட் கொடுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டது. நம்பர் வேறானால் அந்த உரிமை போச்சு.

வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமையை விட வாரத்தின் நடுவில் பெரும்பாலும் மலிவு. சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்கள் சென்னையோடு திருச்சியிலிருந்தும் விலை பார்க்கலாம். திருச்சிக்குப் போகிற பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பெட்டிக்கு, சீட்டுக்குத் தனிக் காசு கேட்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மலிவு என்று ஓடிப் போய் பெட்டிக்குக் கொட்டிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

எத்தனை நாள் முன்னால் வாங்குவது? இதற்கு ஜோசியம் கிடையாது. ஆனால் மத்திய நிதி அமைச்சகம் 2022 ஜூனில் தன் ஊழியர்களுக்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பயணத்துக்கு 21 நாள் முன்னாலேயே, இருப்பதில் மலிவான டிக்கெட்டாக வாங்குங்கள் என்றது. அரசாங்கமே அப்படிக் கணக்குப் பார்க்கும்போது நாம் பார்ப்பதில் தப்பில்லை.

வாங்கின பிறகும் பாருங்கள்!

டிக்கெட் வாங்கியாச்சு, வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

வாங்கின 24 மணி நேரத்துக்குள் மனசு மாறினால் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம், பயணத்துக்குக் குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும் என்று 2019-ல் பயணிகள் சாசனத்தில் சொன்னார்கள். 2025 நவம்பரில் இதை 48 மணி நேரமாக உயர்த்த டி.ஜி.சி.ஏ. வரைவு வெளியிட்டது. வாங்கும் நாளில் எத்தனை மணி நேரம், பயணத்துக்கு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று கம்பெனி வெப்சைட்டில் ஒரு தடவை படித்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்துக்குள் மறுபடியும் விலை பாருங்கள். இறங்கியிருந்தால் புதிய டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். முதலில் ரத்து செய்துவிட்டுத் தேடினால், அந்தப் பத்து நிமிஷத்தில் விலை ஏறிவிட்டால் தலையில் துண்டுதான்.

நேரம் தாண்டிவிட்டதா? அப்போது ஒரே கணக்கு. ஆளுக்கு எவ்வளவு விலை இறங்கியது? ஆளுக்கு ரத்துக் கட்டணம் எவ்வளவு? முதல் தொகை பெரிசாக இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் சும்மா இருங்கள். மேலே சொன்ன கடைக்காரருக்கு விலை 4,500-க்கு இறங்கியிருந்தால் 18,000 மிச்சம், 14,000 செலவு. நாலாயிரம் கையில் நிற்கும்.

இன்னொன்று. கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் பயணிக்கு உரிமை. 'நேரம் மாற்றம்' என்று குறுஞ்செய்தி வந்தால் அதைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டாம். பெரிய மாற்றமாக இருந்தால் பல கம்பெனிகள் காசில்லாமல் வேறு விமானத்துக்கு மாற்றித் தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள்.

திருப்பித் தர முடியாத டிக்கெட் என்று சொல்லிவிட்டால் ஒரு பைசா வராது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு! 2016-ல் வந்த விதிப்படி, விமான நிலையக் கட்டணம், வரி போன்றவற்றை அந்த டிக்கெட்டுக்கும் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. ஏஜெண்டிடம் வாங்கினாலும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனிக்கே. 'உங்கள் பணம் எங்களிடம் கிரெடிட்டாக இருக்கட்டும்' என்று அவர்களாக வைத்துக்கொள்ளவும் முடியாது. பயணி சம்மதிக்க வேண்டும்.

இவ்வளவு விதி இருக்கிறது. ஆனால் அடிப்படைக் கட்டணம் முழுவதையும் ரத்துக் கட்டணமாகப் பிடிக்க அதே விதி இடம் கொடுக்கிறது! மலிவு டிக்கெட் வாங்கின ஏழைக்கு ரத்து செய்தால் மிஞ்சுவது வரிப் பணம் மட்டும்.

கம்பெனிகளின் வாதம்

விமானக் கம்பெனிகள் ஒரு கேள்வி கேட்கின்றன. "விலை ஏறினால் முன்னால் வாங்கினவர் வந்து வித்தியாசம் கட்டுவாரா? கட்ட மாட்டார். அப்புறம் இறங்கினால் மட்டும் நாங்கள் ஏன் தர வேண்டும்?"

நல்ல கேள்விதான். தள்ளிவிட முடியாது. விலைக்கு உச்சவரம்பு கட்டு என்றும் நாம் எப்போதும் கேட்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை அரசு வரம்பு வைத்திருந்தது. மேலே ஒரு வரம்பு, கீழேயும் ஒரு வரம்பு. கீழ் வரம்பால் மலிவு டிக்கெட்டும் இல்லாமல் போனது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, மற்ற விமானங்களின் விலை ஆகாயத்துக்குப் போனபோது, அரசு மறுபடி வரம்பு வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று. அது ஆபத்துக் கால மருந்து. தினசரி சாப்பாடு ஆகாது.

ஆனால் கம்பெனிகளுக்கு நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். இரண்டு மாதம் முன்னாலேயே ஒருவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? அதை இன்னொருவருக்கு விற்க அறுபது நாள் இருக்கிறதே! நாலு நாள் முன்னால் கொடுத்தாலும் அறுபது நாள் முன்னால் கொடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அபராதம் என்றால், அது நஷ்ட ஈடா, வருமானமா? ரயிலில் இந்த நியாயம் உண்டு. முன்னால் ரத்து செய்தால் குறைவாகப் பிடிப்பார்கள். கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க அதிகம்.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டு டிக்கெட்டை மாற்ற 200 டாலர் வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் கடைசியில் யுனைடெட் கம்பெனி பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளுக்கு அதை ரத்து செய்தது. மறுநாளே டெல்டாவும் அமெரிக்கனும் பின்னால் வந்தன. அங்கே விலை இறங்கினால் மலிவு விலைக்கு மாற்றிக்கொண்டு, வித்தியாசத்தை அடுத்த பயணத்துக்குக் கிரெடிட்டாக வாங்குகிறார்கள். மிக மலிவான டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனிகள் தருமத்துக்கு அதைச் செய்யவில்லை. கொரோனாவில் ஆள் வராமல் செய்தன. போட்டியால் மூன்றும் சேர்ந்து செய்தன. நம் ஊரில் போட்டி கிடையாது. ஆகவே டி.ஜி.சி.ஏ.தான் செய்ய வைக்க வேண்டும்.

பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. 15 நாளுக்கு முன்னால் என்றால் 1,000. அதற்குப் பிறகு கம்பெனி விருப்பம். அதே விமானத்தில் விலை இறங்கினால் வித்தியாசத்தை ரொக்கமாகத் தர வேண்டாம். அதே கம்பெனியில் ஒரு வருஷத்துக்குள் பறக்க கிரெடிட்டாகக் கொடுக்கட்டும். ரத்துக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால், டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் காட்டட்டும்.

ரத்துக் கட்டண விதியை டி.ஜி.சி.ஏ. அடுத்து கையில் எடுக்கும்போது இந்த மூன்றையும் சேர்க்குமா? சென்னை எம்.பி.க்கள் மூன்று பேரும் மாதத்துக்குப் பல தடவை டெல்லிக்குப் பறக்கிறவர்கள். அவர்கள் டிக்கெட்டுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது. சொந்தக் காசில் நாலு டிக்கெட் வாங்குகிறவனுக்காக அவர்கள் சபையில் ஒரு கேள்வி கேட்கட்டும்.