கிளை வெட்டுமுன்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், மின்கம்பிகளின்மீது சாய்ந்த கிளைகளைக் களைவது மாநகராட்சிக்கும் மின்வாரியத்திற்கும் இன்றியமையாத கடமை என்பதை, 2016 டிசம்பரில் வர்தா புயல் வேரோடு சாய்த்த மரங்களைக் கண்ட சென்னைவாசிகள் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும், அடையாற்றங்கரையில் நகர்ப்புற வனம் ஒன்றையே வளர்த்துப் பிரசித்தி பெற்ற கோட்டூர்புரத்தில், கிளையின்மீது அரிவாளை ஓங்குமுன், அதில் கூடு உண்டா என்று அண்ணாந்து பார்க்கும் வழக்கமும் நிலைபெற வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

காக்கைக் கூடு எவர் கண்ணிலும் படும். அதிலேயே குயிலின் முட்டையும் கிடக்கலாம். விசேஷ கவனத்துக்குரியது பட்ட கிளை. ஆபத்தானது என்று முதலில் தறிக்கப்படும் அதன் அடிப்புறத்தில்தான், சிறு வட்டத் துளையொன்றைக் குடைந்து குக்குறுவான் குஞ்சு பொரிக்கிறது. முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய ஏழு வாரங்களே ஆகும். பாதைக்கு மேலே தொங்காத கிளை அதுவரை காத்திருப்பதால் யாருக்கென்ன நஷ்டம்?

2022ஆம் ஆண்டில் கேரளத்தின் திரூரங்காடியில், நெடுஞ்சாலை விஸ்தரிப்புக்காகக் கூடுகள் நிறைந்த மரத்தைச் சாய்த்தபோது, பறக்கத் தெரியாத குஞ்சுகள் கும்பலாக மாண்டன. வனத்துறை வழக்குப் பதிந்தது. காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சிதைப்பதை வேட்டை என்றே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. மரத்தை மொட்டையடிப்பதையே சாமர்த்தியமாக எண்ணும் ஒப்பந்தக்காரர்களின் வேலை உத்தரவில், கூடுள்ள கிளையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற நிபந்தனையை, மாநகராட்சி ஆணையர் இவ்வருஷமே சேர்ப்பது உசிதம்.